மருத்துவ ஆராய்ச்சியை எங்கே தொடங்குவது, யாரிடம் போய்க் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடப் பிள்ளைகள், பயோடெக் முடிக்கப்போகிறவர்கள், தீசிஸ் தலைப்புக்கு அலையும் முதுகலை டாக்டர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி, இப்போது மொத்தமாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தமிழ்நாட்டில் படிப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

எங்கள் கல்லூரியில் பெரிய லேப் எதுவும் இல்லை. ஆராய்ச்சி செய்ய முடியுமா?

முடியும். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் கதை ஒன்று போதும். 1956இல் அது தொடங்கியபோது காசநோய் வந்தால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடு, நல்ல காற்று, முழு ஓய்வு வேண்டும் என்பதுதான் உலகம் முழுக்க இருந்த நம்பிக்கை. நம் ஊரில் அத்தனை நோயாளிகளுக்குப் படுக்கை எங்கே இருக்கிறது? அதனால் அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: அதே மாத்திரையை வீட்டில் இருந்தபடியே சாப்பிட்டால் குணமாகாதா? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை சானடோரியத்துக்கும் மறு பகுதியை நெரிசலான அவர்கள் வீடுகளுக்கும் அனுப்பிக் கவனித்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். காசநோய் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வெளியே வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் அவர்களுக்கும் தேவைப்பட்டன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆய்வைத் தூக்கி நிறுத்தியது கேள்விதான். உங்கள் ஓ.பி. வாசலில் அப்படிப்பட்ட கேள்விகள் தினமும் வரிசையில் நிற்கின்றன.

சரி, அந்தக் கேள்வியை எப்படிக் கண்டுபிடிப்பது?

"சர்க்கரை நோய் பற்றி ஏதாவது செய்யணும் சார்" என்று வருகிறவர்கள்தான் அதிகம். அது ஒரு துறை, கேள்வி அல்ல. அதைக் குறுக்கிக்கொண்டே வர வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் கால் புண். அதிலும் புண் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு எத்தனை நாள் தாமதமாகிறது. அதிலும் நம் அறுவை சிகிச்சை ஓ.பி.க்கு இரண்டு மாதத்தில் வருகிறவர்களிடம் அந்தத் தாமதத்துக்கு என்ன காரணம் சொல்கிறார்கள். இப்போது இது ஒரு கேள்வி. யாரிடம் கேட்பது, எத்தனை பேரிடம், எவ்வளவு நாள், எல்லாமே அதற்குள்ளேயே இருக்கிறது.

கேள்வியைத் தேர்ந்தெடுத்த பிறகு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இருக்கும் நாட்களில் முடியுமா, முன்பே யாராவது தெளிவாகப் பதில் சொல்லிவிட்டார்களா, நோயாளிக்குத் தொந்தரவு இல்லாமல் செய்ய முடியுமா, பதில் கிடைத்தால் யாருக்காவது பயன்படுமா. முதல் ஆய்வில் பலர் சறுக்குவது முதல் கேள்வியில்தான். இரண்டு மாதத்தில் முடிகிற சின்ன ஆய்வை முழுசாக முடித்தவர், இரண்டு வருட ஆய்வைப் பாதியில் விட்டவரைவிட நிறையக் கற்றிருப்பார். இது பல மாணவர்களைப் பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தோன்றுவது.

சின்ன ஆய்வு என்றால் சின்ன விளைவு என்றும் நினைக்க வேண்டாம். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986இல் முதன்முதலாகத் தெரிய வந்தது ஒரு முதுகலை மாணவியின் தீசிஸ் மூலமாகத்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த நிர்மலாவிடம் அந்தத் தலைப்பைக் கொடுத்தவர் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். அப்போது இந்தியாவில் அந்த நோயே இல்லை என்ற நினைப்பு பரவலாக இருந்தது. அந்த மாணவிக்கும் முதலில் தயக்கம். பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்து, வீட்டு ஃபிரிட்ஜில் வைத்துப் பாதுகாத்து, சென்னையில் பரிசோதனை வசதி இல்லாததால் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் செய்தார்கள். சில மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. இன்றைய விதிகளின்படி மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைக்க யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அது வேறு விஷயம். ஆனால் தன் கல்லூரியில் இல்லாத வசதியை அடுத்த ஊர்க் கல்லூரியில் கேட்டு வாங்குவது இன்றைக்கும் நடக்கிற வழிதான்.

முன்பே யாராவது செய்திருக்கிறார்களா என்று எங்கே பார்ப்பது? பேப்பர் படிக்கக் காசு கேட்கிறார்களே?

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தேடுங்கள், அது இலவசம். நம் நாட்டுப் பிஎச்.டி. ஆய்வேடுகள் ஷோத்கங்கா தளத்தில் முழுசாகக் கிடைக்கும். பலர் அந்தப் பக்கம் போவதே இல்லை, ஆனால் ஒரு கேள்வித்தாளை எப்படித் தயாரித்தார்கள் என்ற விவரமெல்லாம் பேப்பரில் இருக்காது, தீசிஸில்தான் இருக்கும்.

பணம் கட்டிப் படிக்க வேண்டிய ஜர்னல்களுக்கு, நீங்கள் அரசு நிறுவனத்தில் படிப்பவராக இருந்தால், 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்கள். உங்கள் கல்லூரியும் பட்டியலில் இருக்கிறதா, வீட்டிலிருந்து எப்படி உள்ளே போவது என்று நூலகரிடம் போய்க் கேளுங்கள். தனியார் கல்லூரி என்றால் நூலகம் தனியாகச் சந்தா கட்டியிருக்கலாம், அதையும் அவரிடமே கேட்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் பேப்பரை எழுதியவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள், பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள்.

கைடு யாரைப் பிடிப்பது? யாரும் பதில் போடுவதில்லை.

ஐம்பது பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினால் பதில் வராது. "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது" என்று தொடங்கும் கடிதம் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் என்பது பெறுகிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவருடைய சமீபத்திய பேப்பர் ஒன்றையாவது படியுங்கள், முழுக்கப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு சுருக்கமாக எழுதுங்கள்: நான் இன்னார், இந்தக் கல்லூரி, இந்த வருடம், உங்களுடைய இந்த ஆய்வில் இந்த இடத்தில் எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை எனக்கு முழு நேரம் இருக்கிறது, உங்கள் லேபில் சேர்ந்து வேலை கற்றுக்கொள்ள முடியுமா. அவ்வளவுதான். பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவூட்டலாம். அப்புறமும் பதில் இல்லையென்றால் அடுத்தவரிடம் போங்கள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கும் வகுப்பு, வார்டு, கமிட்டி என்று நாள் ஓடிவிடுகிறது.

உங்கள் கல்லூரிக்குள்ளேயே தேடுகிறீர்கள் என்றால் மின்னஞ்சலைவிட நேரில் போவது நல்லது. மதியம் ஓ.பி. முடிந்த பிறகு, ஒரு பக்கத்தில் கேள்வியை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பெரிய பெயர் உள்ள பேராசிரியரைவிட, இப்போதுதான் பிஎச்.டி.யோ எம்.டி.யோ முடித்து வந்திருக்கும் உதவிப் பேராசிரியர் பல நேரங்களில் நல்ல கைடு. அவருக்கும் ஆய்வு தேவை, உங்களுக்காக உட்காரவும் நேரம் இருக்கும். சேருவதற்கு முன் அவரிடம் ஏற்கனவே வேலை பார்த்த மாணவர் இரண்டு பேரிடம் விசாரியுங்கள். டிராஃப்டைப் படித்துத் திருத்தித் தருகிறாரா, மாணவர் பெயரைப் பேப்பரில் போடுகிறாரா என்ற இரண்டும் தெரிந்தால் போதும். பெயர் வரிசையைத் தொடக்கத்திலேயே பேசிவிடுவது மரியாதைக் குறைவு அல்ல. நான் படித்த காலத்தில் அதைக் கேட்கத் தயங்கினேன். ஒரு வருட வேலை என் பெயர் இல்லாமல் வெளியானது. அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கல்லூரியிடமும் பல்கலைக்கழகத்திடமும் என்னென்ன உதவி கேட்கலாம்?

பணம் என்பதை மட்டுமே உதவி என்று நினைக்கிறோம். பணத்தைவிட எளிதாகக் கிடைக்கக்கூடியவை நிறைய இருக்கின்றன.

மருத்துவக் கல்லூரி என்றால் கம்யூனிட்டி மெடிசின் துறையில் புள்ளியியல் தெரிந்த ஒருவர் இருப்பார், ஆய்வு தொடங்கும் முன்பே அவரிடம் போங்கள். நோயாளிகளின் பழைய கேஸ் ஷீட்டுகள் மருத்துவப் பதிவேட்டுத் துறையில் இருக்கின்றன, எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதியும் நிர்வாகத்தின் கடிதமும் இருந்தால் பார்க்கலாம். பல அரசு மருத்துவக் கல்லூரிகளில் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறை நிதியில் 'பல்துறை ஆராய்ச்சிப் பிரிவு' என்று ஒரு லேப் இருக்கிறது. எம்.ஆர்.யு. என்று சொல்வார்கள். மரபணுப் பகுதியைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் அங்கே இருக்கலாம், அடுத்த கட்டடத்தில் படிக்கும் மாணவனுக்கு அது இருப்பதே தெரியாது. உங்கள் கல்லூரியில் இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள்.

கருவி வெளியே இருந்தால் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் சைஃப் எனப்படும் பொதுக் கருவி மையம் வெளி மாணவர்களின் மாதிரிகளையும் வாங்கி அளந்து தருகிறது. தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். முதுகலை அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம், அண்ணா பல்கலைக்கழகத்தின் பயோடெக் துறை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் உயிரியல் புலம், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. என்று போய்க் கேட்க வேண்டிய வாசல்கள் நம் மாநிலத்திலேயே நிறைய. கொசு, பூச்சி வழியாகப் பரவும் நோய்களில் ஆர்வம் இருந்தால் புதுச்சேரியில் அதற்கென்றே இருக்கும் ஆராய்ச்சி மையமான வி.சி.ஆர்.சி. இருக்கிறது.

கேட்கும் விதம் முக்கியம். "ஆராய்ச்சிக்கு உதவி வேண்டும்" என்று டீனிடம் போனால் அவரால் எதுவும் செய்ய முடியாது. "இந்த ஆய்வுக்கு 40 மாதிரிகளை மூன்று மாதம் மைனஸ் 80 ஃப்ரீசரில் வைக்க ஒரு தட்டு இடம் வேண்டும், துறைத் தலைவர் கையெழுத்து இதோ" என்று போனால் அவர் சரி என்றோ இல்லை என்றோ அன்றைக்கே சொல்லிவிடலாம்.

நான் எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். எனக்கென்று திட்டம் இருக்கிறதா?

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 1979இல் தொடங்கிய குறுகிய கால மாணவர் ஆராய்ச்சித் திட்டம் இருக்கிறது, எஸ்.டி.எஸ். என்றால் எல்லோருக்கும் தெரியும். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்களுக்கு, உங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் கைடாக, இரண்டு மாத ஆய்வு. முதலில் திட்டத்தை எழுதி அனுப்ப வேண்டும். தேர்வானால் ஆய்வை முடித்து அறிக்கை கொடுத்து, அது ஏற்கப்பட்ட பிறகுதான் உதவித்தொகையும் சான்றிதழும். அதாவது நடுவில் வரும் செலவு உங்கள் கையிலிருந்து போகும், அதற்கேற்ற ஆய்வாக எடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு யோசிக்கத் தொடங்கினால் நேரம் போதாது, கேள்வியும் கைடும் முன்பே தயாராக இருக்க வேண்டும். முதுகலை மாணவர்களின் தீசிஸுக்கும் ஐ.சி.எம்.ஆர். தனியாக நிதி தருகிறது, அதற்கு விண்ணப்பிக்காமலேயே சொந்தப் பணத்தில் கிட் வாங்கும் டாக்டர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நான் டாக்டர் இல்லை, பயோடெக்கோ விலங்கியலோ படிக்கிறேன். எனக்கு?

பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் அகாடமியும் (Indian Academy of Sciences) மற்ற இரண்டு தேசிய அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து வருடா வருடம் கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப் தருகின்றன. தேர்வானால் இரண்டு மாதம் நாட்டின் ஏதாவது ஒரு நல்ல லேபில் வேலை, உதவித்தொகையோடு. கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம், இது பல ஆசிரியர்களுக்கே தெரிவதில்லை. உங்களைத் தெரிந்த ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும், ஆகவே வகுப்பில் ஒருவரிடமாவது பேசி வையுங்கள். இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்டம் இருக்கிறது. தொகை சிறியது, ஆனால் கெமிக்கல் செலவுக்குக் கைகொடுக்கும், கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

லேபே வேண்டாத ஆய்வுகளும் உண்டு. புரதங்களின் கட்டமைப்பு, மரபணுத் தரவு எல்லாம் பொதுவில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒரு லேப்டாப்பும் பைத்தான் (Python) அல்லது ஆர் (R) என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ளும் பொறுமையும் போதும். 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடன் வேலை பார்த்த ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் வெளியிட்ட, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் வரைபடம் கணக்கில் பிறந்ததுதான். புதிதாகக் கண்டறியப்படும் புரதக் கட்டமைப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

எத்திக்ஸ் கமிட்டி கட்டாயமா? வெறும் கேள்வித்தாள்தானே கொடுக்கிறேன்?

மனிதர்களைத் தொடும் எந்த ஆய்வுக்கும் கட்டாயம். கேள்வித்தாளுக்கும் பழைய கேஸ் ஷீட்டுக்கும் மீதமான ரத்த மாதிரிக்கும் வேண்டும். உங்கள் ஆய்வுக்கு விலக்கு உண்டு என்றாலும் அதைச் சொல்ல வேண்டியது கமிட்டிதான், நீங்களோ கைடோ அல்ல. அனுமதிக்கு முன் ஒரு நோயாளியிடம்கூடத் தகவல் வாங்கக் கூடாது. பிறகு தேதியை மாற்றி எழுதலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆய்வை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள்தான் இதற்கு அடிப்படை. கமிட்டித் தலைவர் உங்கள் நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும், சட்டம் தெரிந்த ஒருவரும் மருத்துவம் படிக்காத பொதுமக்களில் ஒருவரும் அதில் இருப்பார்கள். அந்தப் பொதுமக்கள் பிரதிநிதி கேட்கும் கேள்விகளுக்குத்தான் பலர் திணறுகிறார்கள்.

திருப்பி அனுப்பப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒப்புதல் படிவம். ஆங்கிலப் படிவத்தை வார்த்தைக்கு வார்த்தை மாற்றி, "இவ்வாய்வில் பங்கேற்பதனின்று எந்நேரத்திலும் விலகிக்கொள்ளும் உரிமை" என்று எழுதினால் யாருக்குப் புரியும்? "நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் நின்றுவிடலாம். அதனால் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது" என்று எழுதுங்கள். எழுதியதை உங்கள் பாட்டியிடமோ வார்டில் இருக்கும் ஆயாம்மாவிடமோ படித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பவர் என்றால் பக்கத்தில் ஒரு சாட்சியும் வேண்டும்.

புது மருந்து, உடற்பயிற்சி என்று நோயாளிக்கு எதையாவது கொடுத்துப் பார்க்கும் ஆய்வாக இருந்தால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிய வேண்டும். கட்டணம் இல்லை. 2018 ஏப்ரலுக்குப் பிறகு தாமதமாகப் பதிவு செய்ய வழியே இல்லை. எலி, முயல் என்றால் அதற்குத் தனியாக விலங்குகளுக்கான நெறிமுறைக் கமிட்டி.

எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும்? 100 போதுமா?

100 என்பது முழு எண்ணாக இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு நியாயம் இல்லை. ஒரு நோய் எத்தனை சதவீதம் பேருக்கு இருக்கிறது என்று பார்க்கும் ஆய்வுக்கு, 4 பெருக்கல் பி பெருக்கல் கியூ, அதை டி-யின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது என்ற கணக்கை நம் கல்லூரிகளில் பயன்படுத்துவார்கள். முந்தைய ஆய்வு 30 சதவீதம் என்கிறது, உங்களுக்கு 5 சதவீதம் முன்னே பின்னே போனால் பரவாயில்லை என்று வைத்துக்கொள்வோம். பி என்பது அந்த 30, கியூ என்பது மீதி 70, டி என்பது 5. 4 × 30 × 70, அதை 5இன் வர்க்கமான 25ஆல் வகுத்தால் 336. பத்தில் ஒருவர் பதில் சொல்ல மாட்டார் என்று சேர்த்தால் 374. இரண்டு குழுக்களை ஒப்பிடும் ஆய்வுக்குக் கணக்கு வேறு, அதற்குத்தான் புள்ளியியல் ஆளை முன்பே பார்க்கச் சொன்னேன். டேட்டா எல்லாம் சேர்த்த பிறகு எக்ஸெல் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போனால் அவராலும் காப்பாற்ற முடியாது.

ஆராய்ச்சி முறைகளை எங்கே கற்பது?

சென்னையில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் (ஐ.சி.எம்.ஆர்.-என்.ஐ.இ.) நடத்தும் இணையவழிப் பாடங்கள் நன்றாக இருக்கின்றன. முதுகலை மருத்துவ மாணவர்களுக்கும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட அடிப்படைப் பாடம் அவர்களுடையதுதான். மற்றவர்கள் என்.பி.டி.இ.எல். என்ற இலவச இணையப் பாடத் தளத்தில் 'ஹெல்த் ரிசர்ச் ஃபண்டமென்டல்ஸ்' என்று தேடுங்கள். கையில் ஒரு கேள்வியோடு பாருங்கள், சும்மா பார்த்தால் ஒன்றும் தங்காது.

இதையே தொழிலாக எடுத்தால் சாப்பாட்டுக்கு வழி உண்டா?

பிஎச்.டி.க்கு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் 2023இலிருந்து மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆனால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. பணம் சில மாதங்கள் தாமதமாக வருவதும் நடக்கிறது, கையில் கொஞ்சம் சேமிப்பு வைத்துக்கொண்டு சேருங்கள். ஃபெலோஷிப் இல்லாமல் பிஎச்.டி. சேர வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பதில் ஒரு வருடம் புராஜெக்ட் அசிஸ்டெண்டாக வேலை பாருங்கள், இந்த வாழ்க்கை பிடிக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

மூன்று நாளில் பேப்பர் போட்டுத் தருகிறேன் என்று மின்னஞ்சல் வருகிறதே?

அழித்துவிடுங்கள். நேர்மையான ஜர்னல் உங்கள் கட்டுரையை இன்னொரு நிபுணரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும், அது மூன்று நாளில் முடியாது. நல்ல ஜர்னல்களும் சில கட்டணம் வாங்குகின்றன என்பதால் பணத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அந்த ஜர்னலின் பழைய கட்டுரைகள் நான்கைப் படித்துப் பாருங்கள், பப்மெட்டில் வருகிறதா என்று பாருங்கள், நூலகரிடம் கேளுங்கள். ஒரு முறை அங்கே போட்டுவிட்டால் நல்ல டேட்டாவும் அதோடு போய்விடும்.

நான் நினைத்த முடிவு வரவில்லை. ஆய்வு வீணா?

இல்லை. இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை என்பதும் ஒரு பதில். காசநோய் ஆய்வில் வந்ததே அந்தப் பதில்தான். அப்படியே எழுதுங்கள், எண்களைத் தொடாதீர்கள்.

பள்ளியில் தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் எழுதப் பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கடைசியில்தான் கேட்பார்கள், அறையை விட்டுக் கிளம்பும்போது, மெதுவான குரலில். எத்தனையோ நல்ல கேள்விகள் இந்தப் பயத்தால் நோட்டோடு நின்றுபோயிருக்கின்றன. பேப்பர் ஆங்கிலத்தில்தான் வர வேண்டும், அது உண்மை. ஆனால் பேப்பர் கடைசிப் படி. அதற்கு முன் நோயாளியிடம் உட்கார்ந்து பேசுவது, "மாத்திரையை ஏம்மா நிறுத்தினீங்க" என்று அவர் கோபப்படாதபடி கேட்பது, அவர் சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்வது எல்லாம் தமிழில்தான் நடக்கிறது, அதில் நீங்கள் பலரைவிட முன்னால் இருக்கிறீர்கள்.

எழுதும்போது முதல் டிராஃப்டைத் தமிழிலேயே எழுதிவிடுங்கள்: என்ன கேட்டேன், யாரிடம் கேட்டேன், என்ன கிடைத்தது, அதற்கு என்ன அர்த்தம். நான்கு பத்தி. பிறகு அதே மாதிரி ஆய்வு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் எந்த வரிசையில் சொல்கிறார்கள் என்று பார்த்து, சின்னச் சின்ன வாக்கியங்களாக உங்கள் ஆங்கிலத்தில் எழுதுங்கள். வரிகளை எடுத்து ஒட்ட வேண்டாம். கைடு சிவப்பு மையில் திருத்தித் தருவார். இரண்டாவது பேப்பரில் அந்தச் சிவப்பு குறைந்திருக்கும்.